நாலுக்கு ஆறும் ஓவியம்தான் சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஆயில் பெயிண்டிங் பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நம்ம பேப்பர்ல ஆயில் பெயிண்டிங்குக்கு அரைப் பக்கம் ஒதுக்குறதே பெரிய விஷயம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா அதுல ரெண்டு விஷயம் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. ஆயில்ல வரையணும்னா படத்தை நிறுத்தி வைக்க ஈசல்னு ஒரு ஸ்டாண்ட் வேணும், மூணடி கேன்வாஸ் வேணும், தனி ரூம் வேணும், நல்ல காசும் வேணும், அதனால சாதாரண குடும்பத்து ஆளுங்க வாட்டர்கலரோட நிறுத்திக்கிறது நல்லதுன்னு எழுதியிருந்தாங்க. அது ஒண்ணு. அப்புறம் சின்ன சைஸ்ல வரையுறது எல்லாம் பெரிய படத்துக்கு கை பழகுறதுதான், அதை முடிஞ்ச ஓவியமா எடுத்துக்க முடியாதுன்னும் போட்டிருந்துச்சு. ரெண்டுமே சரியில்லைன்னு நான் நினைக்கிறேன், அதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமாப் போயிருச்சு, வெட்டிப் போட்டாலும் பரவாயில்ல, ஆனா கடைசியில ஒண்ணு கேட்டிருக்கேன், அதை மட்டும் வெட்டிறாதீங்க.

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துல ஒரு சொசைட்டியில கணக்கு எழுதுறவ. ஓவியக் கல்லூரி வாசலை மிதிச்சதில்ல, எனக்கு யாரும் உக்கார வெச்சுச் சொல்லியும் குடுத்ததில்ல. லைப்ரரி புக்கு, வீடியோ, அப்புறம் திரும்பத் திரும்ப வரைஞ்சு பாக்குறது, அவ்வளவுதான் என் படிப்பு. வரையுறது எல்லாமே நாலு இன்ச்சுக்கு ஆறு இன்ச், எல்லாமே ஆயில், எல்லாமே லேண்ட்ஸ்கேப். ஆள் மூஞ்சி எனக்கு வராது, வரவைக்கணும்னு ஆசையும் இல்ல. வயல், வாய்க்கா, பனை, மலை, மழை வர்ற வானம், இதுவே தீராது போல இருக்கு.

முதல்ல காசு விஷயம். மூணடிக்கு நாலடி கேன்வாஸ்னா 1,728 சதுர இன்ச். என் அட்டை 24 சதுர இன்ச். அதாவது அந்த ஒரு கேன்வாஸை மூடுற பெயிண்ட்ல நான் 72 படம் வரைஞ்சிரலாம். கேன்வாஸும் வாங்க வேண்டாம். பர்னிச்சர் வேலை நடக்குற ஆசாரி பட்டறையில 3 எம்எம் எம்டிஎஃப், ஹார்ட்போர்டு அறுத்து மிஞ்சின துண்டுங்க மூலையில கெடக்கும், கேட்டா சும்மாவே குடுப்பாங்க, அதே மெஷின்ல நாலுக்கு ஆறா அறுத்தும் தருவாங்க. அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு ஜெஸ்ஸோங்கிற வெள்ளை அடிப்பூச்சு ரெண்டு மூணு கோட்டிங், நடுவுல நடுவுல மறுபடி தேய்ப்பு. பின்பக்கமும் ஓரமும் சேத்து அடிக்கணும், முன்பக்கம் மட்டும் அடிச்சா மழைக்காலத்துல ஈரம் இழுத்து வளைஞ்சுக்கும். ஃப்ரேமும் ஃபேன்சி கடையில போட்டோ ஃப்ரேம்னு நாலுக்கு ஆறு சைஸ்ல எப்பவும் கெடைக்கும், கண்ணாடியைக் கழட்டிட்டு படத்தை வெச்சா முடிஞ்சுது. ஆயிலுக்குக் கண்ணாடி தேவையே இல்ல, ஒட்டிக்கிட்டா படம்தான் பாழாகும். கலரும் நெறைய வேண்டாம். டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், லெமன் மஞ்சள், யெல்லோ ஓக்கர்ங்கிற மண் மஞ்சள், பர்ன்ட் சியன்னாங்கிற செம்பழுப்பு, ஒரு சிவப்பு, இவ்வளவுதான் என் பெட்டியில. வெள்ளை மட்டும் சீக்கிரம் தீரும், மத்ததெல்லாம் சின்ன ட்யூப் வாங்கினாலே மாசக் கணக்கா ஓடும். இதுல பணக்காரங்க சமாச்சாரம் எங்க இருக்கு?

இடம்ங்கிறீங்களா. எங்க வீட்டுல தனி ரூம் எல்லாம் கெடையாது. சாப்பாட்டு மேஜையில ஒரு ஓரம்தான். ஈசலும் கெடையாது, அடைமழைக்கு மட்டும் அதுவா பறந்து வந்து ஈரப் பெயிண்ட்ல ஒட்டிக்கிட்டு உயிரை விடும். ஒரு பழைய மரப்பெட்டியை ஆசாரிகிட்ட குடுத்து மூடிக்கு உள்பக்கம் காடி எடுக்கச் சொன்னேன், அதுல ரெண்டு அட்டை ஒண்ணை ஒண்ணு தொடாம நிக்கும், பெட்டிக்குள்ள கலர், பிரஷ், ஒரு சின்ன பலகை. மடியில வெச்சு வரையலாம், ஈரப்படத்தை அந்தக் காடியில சொருகி மூடி பஸ்ல கொண்டு வந்துரலாம். மூணடி கேன்வாஸை ஈரத்தோட டவுன் பஸ்ல ஏத்துங்க பாப்போம், கண்டக்டர் ஏத்துவாரா, ஏத்தினாலும் பக்கத்துல நிக்கிற ஆளோட வேட்டி என்ன ஆகும்?

நாத்தம்தான் உண்மையான பிரச்சினை, அதை உங்க கட்டுரை சொல்லவே இல்ல. கலரை நீர்க்க வைக்கிற ஹார்டுவேர் கடை டர்பெண்டைனைத் திறந்தா எங்க வீட்டுக்காரர் "வீட்டுக்குள்ள என்ன பெட்ரோல் பங்கா நடத்துத"ன்னு ஆரம்பிச்சிருவாரு. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஜன்னல் இல்லாத இடத்துல அந்த ஆவியை இழுக்கவே கூடாது. சின்ன படத்துல அதுக்கும் வழி இருக்கு. ட்யூப்ல வர்ற பெயிண்டையே அப்படியே மெல்லிசாத் தடவலாம், தின்னரே தேவைப்படாது. பிரஷ்ஷை தேங்காய் எண்ணெயில நனைச்சு துணியில துடைச்சுட்டு சோப்பு போட்டுக் கழுவிருவேன். ஆனா அதே தேங்காய் எண்ணெயைப் பெயிண்ட்ல கலக்காதீங்க. பெயிண்ட்ல இருக்குற ஆளிவிதை எண்ணெய் காத்துல இருக்குற ஆக்சிஜனை இழுத்து இறுகி ஒரு படலமா மாறும், தேங்காய் எண்ணெய் எத்தனை வருஷம் ஆனாலும் காயாது. சோப்பு போட்டு நல்லாக் கழுவணும்னு சொன்னதும் அதுக்குத்தான். இன்னொண்ணு ரொம்ப முக்கியம், ஆளிவிதை எண்ணெய் நனைஞ்ச துணியை உருட்டிக் குப்பைத்தொட்டியில போட்டுறாதீங்க. அது காயும்போது சூடு வரும், கசக்கி மூட்டையா கெடந்தா சூடு வெளிய போக வழியில்லாம தானாவே தீப்பிடிக்கும். தண்ணியில முக்கி விரிச்சுக் காயப்போட்டுட்டுத்தான் கழிக்கணும். அப்புறம் நாம கையால சாப்புடுற ஜனங்க, நகத்துக்குள்ள காட்மியம் மாதிரி விஷக் கலர் இருக்கும்போது சோத்துல கை வைக்கக்கூடாது. வீட்டுல வரையச் சொல்லிக் குடுக்குற கட்டுரையில இந்த நாலு வரி கண்டிப்பா வேணும்.

சரி, ரெண்டாவது விஷயத்துக்கு வர்றேன், எனக்கு அதுதான் பெருசு. சின்ன படம்னா பயிற்சிப் படம்.

முழுசா தப்புன்னு சொல்லமாட்டேன், அந்தக் கட்டுரை எழுதினவங்க பக்கமும் ஆதாரம் இருக்கு. இங்கிலாந்துல ஜான் கான்ஸ்டபிள்னு ஒரு ஓவியர் 1821, 22-ல லண்டன் பக்கத்து ஹாம்ப்ஸ்டெட் மேட்டுல உக்காந்து வெறும் மேகத்தை மட்டும் பேப்பர் மேல ஆயில்ல வரைஞ்சு தள்ளினாரு. பின்னாடி தேதி, மணி, காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு எல்லாம் குறிச்சு வெப்பாரு. ஆனா கண்காட்சிக்கு அவர் அனுப்பினது ஆறடிப் படங்களைத்தான், மேகப் படம் எல்லாம் அவர் கைக்குள்ளயே இருந்துச்சு. பிரான்ஸ்ல சோரான்னு ஒரு ஓவியர் 1884-ல இருந்து 86 வரைக்கும் ஒரு பிரம்மாண்ட ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரைக் காட்சியை வரைஞ்சாரே, ரெண்டு மீட்டருக்கு மூணு மீட்டர் கிட்டத்துல இருக்கும், அதுக்காக அதே இடத்துல போய் உக்காந்து சின்னச் சின்ன மரப்பலகையில ஏகப்பட்டது வரைஞ்சாரு. அதெல்லாம் பயிற்சிதான், ஒத்துக்கிறேன்.

ஆனா 1889 ஆகஸ்ட் 17-ம் தேதி ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல ஒரு கண்காட்சி தொறந்தாங்க. டாம் ராபர்ட்ஸ், ஆர்தர் ஸ்ட்ரீட்டன், சார்லஸ் கோண்டர், இன்னும் சில பேர். 180 படத்துக்கு மேல, பெரும்பாலும் 9 இன்ச்சுக்கு 5 இன்ச், நெறைய படம் சுருட்டுப் பெட்டி மூடியிலயே வரைஞ்சது. கண்காட்சி பேரே ஒன்பதுக்கு அஞ்சுதான். அதையே முடிஞ்ச ஓவியமா விலை போட்டு மாட்டினாங்க. ஆர்கஸ்னு ஒரு பெரிய பேப்பர், அதுல ஜேம்ஸ் ஸ்மித்னு விமர்சகர் வெளுத்து வாங்கிட்டாரு. இவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா, அந்த விமர்சனத்தையே வெட்டி கண்காட்சி வாசல்ல ஒட்டிட்டு, அதே பேப்பர் ஆசிரியருக்கு பதில் லெட்டர் போட்டாங்க. அந்த மூடிங்கள்ல பலது இன்னைக்கு ஆஸ்திரேலியாவோட பெரிய மியூசியங்கள்ல மாட்டியிருக்கு. ஆகக்கூடி நான் ஒண்ணும் புதுசா சண்டைக்கு வரல சார், இந்த லெட்டருக்கு 1889-லயே முன்னுதாரணம் இருக்கு.

மினியேச்சர்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு ராஜஸ்தான், காங்ரா, ராஜா ராணி, மான்குட்டி இதுதான் கண்ணுல வரும். அது வேற வழி, பேப்பர்ல கெட்டியான வாட்டர்கலர் மாதிரி கலரை வெச்சு மெல்லிய முடி பிரஷ்ல இழைக்கிறது, அந்தப் பொறுமைக்கு நான் கும்புடுதான் போடணும். மினியேச்சர் வரையுற ஆளுங்களுக்கு வெளிநாட்டுல தனிச் சங்கமே இருக்கு, லண்டன்ல 1890கள்ல ஆரம்பிச்சது இன்னைக்கும் நடக்குது, அவங்க கணக்குல ஃப்ரேமோட சேத்தே ஆறுக்கு நாலரை இன்ச்தான். பல சங்கங்கள்ல 25 சதுர இன்ச்சுக்குள்ள இருக்கணும்னு வெச்சிருக்காங்க. என்னோட 24 அதுக்குள்ள அடங்குறதுல எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

இப்போ ஏன் சின்ன படம் பயிற்சி இல்லன்னு என் அனுபவத்துல இருந்து சொல்றேன். எங்க ஊருக்கு மேற்க பொதிகை மலை. காலையில சூரியன் நம்ம முதுகுக்குப் பின்னால இருந்து அடிக்கும், அதனால மலையோட ஒவ்வொரு மடிப்பும் பாறையும் அருவிக்கோடும் தனித்தனியாத் தெரியும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால போயிரும், அப்போ அத்தனை மடிப்பும் காணாமப் போயி ஒரே நீலத் தகடு. ரெண்டும் ஒரே மலைதான். நாலுக்கு ஆறுல காலை மலையை வரைஞ்சா நான் தோத்துருவேன், அத்தனையையும் அதுல அடைக்க முடியாது, அடைச்சா மலை தெரியாது, கோடுதான் தெரியும். அப்போ எதை விடணும்னு முடிவு பண்ணணும். கண்ணைப் பாதி மூடிப் பாத்தா மடிப்பு பூரா மூணே மூணு டோனா சுருங்கும், வெளிச்சம், நடுத்தரம், நிழல். அந்த மூணை மட்டும் வெச்சுட்டு நிறுத்தணும். நிறுத்துறதுதான் கஷ்டம். புதுசா சின்ன படம் வரையுறவங்க ஓடிப் போய் மூணு சைபர் நம்பர் போட்ட ஊசி மாதிரி பிரஷ் வாங்கிட்டு வந்து இலை இலையா வைப்பாங்க. நான் சொல்றது நேர் எதிர், அட்டை சின்னதாக ஆக பிரஷ் முடிஞ்ச அளவு பெருசா இருக்கணும், அரை இன்ச் தட்டை பிரஷ்ல ஒரு இழுப்புல வானம், அதே பிரஷ்ஷைப் பக்கவாட்டுல வெச்சா பனைமரம். நடவு வரிசை காட்டணும்னா ஈரப் பெயிண்ட்ல பிரஷ்ஷோட குச்சி முனையால கீறினாப் போதும், அடியில இருக்குற பிரவுன் எட்டிப் பாக்கும். அதுக்காகவே அட்டையில முதல்ல பர்ன்ட் சியன்னாவை மெல்லிசா ஓட விட்டுக் காயவெச்சிருவேன். வெள்ளை அட்டையில பச்சை வெச்சா பச்சை கத்தும், செம்பழுப்பு மேல வெச்சா அடங்கி நிக்கும்.

பச்சைன்னதும் சொல்லணும். தாமிரபரணிக் கரையில பொறந்தவளுக்கு பச்சை வரையத் தெரியலன்னா வெக்கம். ட்யூப்ல வர்ற பச்சை எதுவும் நம்ம வயலுக்கு ஆகாது, பிளாஸ்டிக் குடம் கலர்ல வந்து நிக்கும். நாத்தங்கால் பச்சை வேற, அதுல முக்காவாசி லெமன் மஞ்சள்தான், நீலம் பிரஷ் நுனியில தொட்டாப் போதும், கூடக் கொஞ்சம் வெள்ளை. நட்ட புதுசுல வயல்ல பச்சையே கம்மி, நாத்து வெளுத்துப் போய் நிக்கும், நடுவுல தேங்குன தண்ணியில வானம் தெரியும், அதனால நான் முதல்ல வானத்தைத்தான் வயலுக்குள்ள பூசுவேன், அப்புறம் அது மேல ரெண்டு வெளிறுன கோடு. தூர் கட்டி எழும்பும்போது நீலம் ஏறும், அப்போ அல்ட்ராமரைன் கூட யெல்லோ ஓக்கர். பொதி தள்ளிக் கதிர் சாயுறப்போ ஓக்கரே முன்னால வந்துரும். பிசான நெல் பருவம் முழுக்க ஒரே வரப்புல உக்காந்தாலும் ஒரே பச்சையை ரெண்டு தடவை கலக்க முடியாது. கார் சாகுபடிக்கு வேற கதை, அப்போ தென்மேற்குக் காத்து, மலை உச்சியில மேகம் வழியும், வயல்ல வெயிலும் நிழலும் ஓடிக்கிட்டே இருக்கும், பாதி வரைஞ்சதும் வெளிச்சம் மாறிரும். இதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள்ள முடிக்கிற சைஸ்லதான் பிடிக்க முடியும். பெரிய கேன்வாஸ்ல வானம் மூடுறதுக்குள்ளயே சாரல் வந்து பெட்டியைக் கட்டச் சொல்லிரும். போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து வீட்டுல வரையலாமேம்பாங்க, எடுத்துப் பாருங்க, நிழல் பூரா கருப்பா வரும், வானம் வெள்ளையா வெடிச்சு நிக்கும். நம்ம கண்ணு பாத்த கலர் அதுல இருக்காது.

மதியம் பதினொண்ணுல இருந்து மூணு வரைக்கும் எங்க ஊர்ல வரைய ஒண்ணுமே இல்ல, தலைக்கு நேரா அடிக்கிற வெயில்ல நிழலே கெடையாது. தேரிக்காடு மட்டும் விதிவிலக்கு. திருச்செந்தூர் பக்கம் போனா அந்தச் செம்மண் மேடு மதிய வெயில்லயும் கொதிக்கிற செவப்பு, பர்ன்ட் சியன்னாவை ட்யூப்ல இருந்து அப்படியே பிதுக்கி வெச்சுக் கொஞ்சம் சிவப்பு தொட்டா மண்ணு வந்துரும். ட்யூப் இருக்குறதால சொல்றேன், 1841-ல ஜான் ராண்ட்னு ஒரு அமெரிக்க ஓவியர் இந்தத் தகர ட்யூபைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் ஆயில் கலரைப் பன்னியோட மூத்திரப்பையில கட்டித்தான் வெச்சிருந்தாங்களாம். அதைத் தூக்கிட்டு தேரிக்காட்டுல நான் நடக்கவா?

ஆங், இது சொல்லணும். கன்னடியன் கால்வாய் பக்கம் ஒரு நாள் வரைஞ்சிட்டு இருந்தப்போ நடவு முடிச்சுக் கரையேறுன பொம்பளைங்க வந்து சுத்தி நின்னாங்க. ஒரு அக்கா பெட்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டு "இதுல நான் எங்கன நிக்கேன்?"ன்னு கேட்டாங்க. ஒரு செவப்புப் புள்ளியைக் காட்டி இந்தா இதுதான் நீங்க, உங்க சேலைன்னேன். "ஏ, என்னை வயலுக்குப் பொட்டு வெச்ச மாதிரில்லா வெச்சிருக்கா"ன்னு ஒரே சிரிப்பு. அதுக்கப்புறம் அவங்க ஒவ்வொருத்தரும் படத்தைக் கையில வாங்கி, மூஞ்சிக்குக் கிட்ட வெச்சுப் பாத்துட்டு அடுத்தவங்க கையில குடுத்தாங்க. பெரிய படத்தைக் கூட்டமா தள்ளி நின்னு பாப்பாங்க. சின்ன படத்தை ஒரு நேரத்துல ஒரு ஆள்தான் பாக்க முடியும், அதுவும் கைக்குள்ள வெச்சுத்தான். வரையும்போதே அந்த ஒரு அடி தூரத்தை மனசுல வெச்சுத்தான் வரையுறேன். பெயிண்ட்டை ரொம்பத் தடிமனா அப்பினா அதோட நிழலே மரம் அளவுக்கு விழும், அதனால மெல்லிசு.

இதனாலதான் "இதை அப்படியே பெருசாப் பண்ணித் தர்றீங்களா, ஹால்ல மாட்டணும்"னு கேக்குறவங்களுக்கு முடியாதுன்னு சொல்லிருவேன். ஒரு இன்ச் வானத்துல மூணு இழுப்பு இருந்தா அது நெறைஞ்ச வானம். அதே மூணு இழுப்பை மூணடியில போட்டா அது வெள்ளையடிச்ச செவுரு. ஒத்தக் கோடா நிக்கிற பனைக்கு அங்க மட்டை வேணும், சில்லாட்டை வேணும், கருக்கு வேணும். அப்போ அது வேற படம், அதுக்கு வேற ஆள் பாக்கணும்.

காய வைக்கிறதைப் பத்தியும் ஒரு வார்த்தை, ஏன்னா கட்டுரையில ஆயில் காய மாசக்கணக்கு ஆகும்னு பயமுறுத்தியிருந்தாங்க. மெல்லிசா வெச்ச படம் சித்திரை வெயில் காலத்துல சில நாள்ல தொட்டா ஒட்டாது, ஐப்பசி கார்த்திகையிலதான் இழுக்கும். அம்பர்ங்கிற பழுப்புக் கலர்ல மாங்கனீஸ் இருக்குறதால அது சீக்கிரம் காயும், க்ரிம்சன் சிவப்பு லேசுல காயாது. மேல மேல வைக்கிறதா இருந்தா அடியில எண்ணெய் கம்மி, மேல போகப்போக எண்ணெய் கூட, இதைத் திருப்பிப் பண்ணினா பிற்பாடு வெடிப்பு விடும். உள்வரைக்கும் இறுகத்தான் மாசக்கணக்கு, வார்னிஷ் அடிக்க ஆறு மாசமாவது பொறுக்கணும், அது உண்மை. காய்ஞ்சதைப் பீரோவுக்குள்ள அடுக்காதீங்க, இருட்டுல இருந்தா ஆளிவிதை எண்ணெய் மஞ்சள் அடிக்கும். அப்படி அடிச்சாலும் பதற வேண்டாம், நல்ல வெளிச்சம் வர்ற இடத்துல கொஞ்ச நாள் வெச்சா பெரும்பாலும் தெளிஞ்சிரும்.

இவ்வளவு சொல்லிட்டு மனசுல இருக்குற கடுப்பைச் சொல்லலன்னா எப்படி. சில மாசம் முன்னாடி பக்கத்து மாவட்டத்துல ஒரு ஓவியக் கண்காட்சிக்கு விண்ணப்பம் வாங்கினாங்க, யார் நடத்தினதுன்னு இங்க வேண்டாம். நானும் ஃப்ரேம் போட்டுத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனேன். மேஜையில இருந்த தம்பி வெளிய எடுத்துப் பாத்துட்டு "மேடம், இது கிரீட்டிங் கார்டா?"ன்னாரு. கிண்டலாக்கூட இல்ல, நெசமாவே கேட்டாரு. விதிமுறையில குறைஞ்சபட்சம் ரெண்டடிக்கு மூணடின்னு போட்டிருக்குன்னு காட்டினாரு. ஏன் தம்பி அப்படின்னதுக்கு, ஹால் பெருசு மேடம், சின்னதா மாட்டினா செவுரு காலியாத் தெரியும்னு பதில். செவுத்துக்காக ஓவியமா, ஓவியத்துக்காக செவுரா? அவருக்கு அதுக்கு மேல தெரியாது, பாவம், விதி போட்டவங்க அங்க இல்ல. பக்கத்துல இருந்த இன்னொருத்தர் ஆறுதலா, "சதுர அடி ரேட்டு வெச்சிருக்கோம் மேடம், இதுக்குப் போட்டா உங்களுக்கே கட்டாது"ன்னாரு. டைல்ஸ் கடையில நிக்கிறோமான்னு ஒரு நிமிஷம் குழப்பமாயிருச்சு.

எங்க ஊர்ப் பக்கத்துல நான் மட்டும் இல்ல. டெய்லர் கடை வெச்சிருக்குற ஒருத்தங்க, ரிட்டயர் ஆன ஒரு டிரில் மாஸ்டர், பாலிடெக்னிக் படிக்கிற ஒரு பையன்னு எனக்குத் தெரிஞ்சே இருக்காங்க, எல்லாரும் சின்னதாத்தான் வரையுறாங்க, காரணம் ஒண்ணுதான், வீடு சின்னது, நேரம் சின்னது. ரெண்டடிக்கு மூணடின்னு ஒரு வரி போட்டா இத்தனை பேரும் வாசல்லயே நின்னுருவாங்க. நான் பெரிய படத்துக்கு விரோதி இல்ல, ரவிவர்மா படத்துக்கு முன்னால போய் நின்னா எனக்கும் வாய் தொறந்துதான் நிக்கும். சின்ன படத்துக்குன்னு தனியா ஒரு பிரிவு, கண் மட்டத்துல ஒரு செவுரு, பக்கத்துல போய்ப் பாக்க ஒரு நல்ல லைட்டு, கண்காட்சி நடத்துறவங்ககிட்ட நான் கேக்குறது இவ்வளவுதான். அப்பளக் கட்டு மாதிரி அடுக்கி வெச்சாக்கூட ஒரு மேஜையில முப்பது பேர் படம் கொள்ளும்.

உங்ககிட்ட கேக்குறது இது. இணைப்புல வாசகர் ஓவியம்னு ஒரு பகுதி போடுறீங்க, அதுல ஏ3 சைஸுக்குக் குறையாம வரைஞ்சு போட்டோ எடுத்து அனுப்பணும்னு கீழ பொடி எழுத்துல ஒரு நிபந்தனை இருக்கு. அதைத் தயவு செஞ்சு எடுத்துருங்க. ஏ3 படத்தை நீங்க அச்சடிக்கும்போது எப்படியும் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கித்தான் போடுறீங்க, வரைஞ்சவர் வெச்ச பிரஷ் இழுப்பு எதுவும் அதுல தெரியுறதில்ல. நாலுக்கு ஆறு படம்னா உங்க பேப்பர்ல நாலு பத்தி அகலத்துக்குள்ள ஒரிஜினல் சைஸ்லயே அடங்கிரும், நான் ஸ்கேல் வெச்சு அளந்து பாத்துட்டேன். சுருக்காம, பெருசாக்காம, வரைஞ்ச அளவுலயே அச்சடிச்சு வாசகருக்குக் குடுக்கலாம். கேட்டா படத்தையே தபால்ல அனுப்புறேன், ஸ்கேன் பண்ணிட்டுத் திருப்பி அனுப்பினாப் போதும், ஸ்டாம்ப் ஒட்டின கவரும் கூடவே வெச்சு விடுறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
அம்பாசமுத்திரம்.